பூசாரியின் பீரோ சாவி

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பேரூராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, வழக்கறிஞர் நண்பர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்காத தம்பியே, அனைவருக்கும் வணக்கம். சென்ற கூட்டத்தில் நூலகர் பெயரை விட்டுவிட்டேன்; ஒரு மாதம் எனக்குப் புத்தகமே கிடைக்கவில்லை. நூலகர் அவர்களே, உங்களுக்குத் தனி வணக்கம்.

கருணை மனு பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று சட்டம், இரண்டு அரசியல், மூன்றாவது 1974இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிக்சனை மன்னித்த கதை.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 72ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆவது பிரிவு ஆளுநருக்கும் தண்டனையைக் குறைக்க, நீக்க, மன்னிக்க அதிகாரம் தருகிறது. அதை அவர்கள் தம் விருப்பப்படி பயன்படுத்த முடியாது. அமைச்சரவை சொல்வதைக் கேட்டே நடக்க வேண்டும் என்று 1980இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, எத்தனை நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும்? அது மட்டும் அந்தப் பிரிவுகளில் இல்லை. எங்கள் அப்பத்தா சொல்வார், "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்" என்று.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோரின் கருணை மனு 2000 ஏப்ரலில் குடியரசுத் தலைவருக்குப் போனது. கே.ஆர்.நாராயணன் காலம் போனது, அப்துல் கலாம் காலமும் போனது. பிரதிபா பாட்டீல் காலத்தில், 2011 ஆகஸ்டில், நிராகரிப்பு வந்தது. பதினொரு வருடம்! செப்டம்பர் 9 தூக்கு என்று நாளும் குறித்தார்கள்; சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. இந்தத் தாமதத்துக்காகவே 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. அப்பா காலமான பிறகு பட்டா மாற்றத்துக்காக அலைந்தேன். ஒரு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். பெரிய அதிகாரி அங்கேயே பச்சை மையில் 'உடன் நடவடிக்கை' என்று எழுதினார். வீட்டில் அன்றைக்குக் கேசரி! எட்டு மாதம் ஆனது. கீழே கேட்டால் மேலே என்றார்கள், மேலே கேட்டால் கீழே என்றார்கள். கடைசியில் ஒரு கடைநிலை ஊழியர்தான் உண்மையைச் சொன்னார். "சார், பீரோ பூட்டியிருக்கு. சாவி வைத்திருந்தவர் மாறுதலில் போய்விட்டார்." எந்த ஊர்? பஸ்ஸில் மூன்று மணி நேரம். போனேன். அந்த மனிதர் நல்லவர். டீ வாங்கிக் கொடுத்தார். "அட, நம்ம கிட்டயா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றித் தந்தார். திரும்பி வந்து பீரோவைத் திறந்தால், பச்சை மை சிரிக்கிறது. அதற்கு அடியில் எங்கள் தெரு பாட்டி ஒருவரின் ஓய்வூதிய மனு. அவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் என்பார்களே, இங்கே பூசாரி வரத்தைப் பூட்டிச் சாவியை ஊருக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரிய மாளிகையிலும் நடந்தது இதுதான். தூக்கு ரத்தான மறுநாளே, அந்த வழக்கில் சிறையில் இருந்த ஏழு பேரையும் விடுவிப்பதாக ஜெயலலிதா அரசு அறிவித்தது. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம்; கணக்கு உங்களுக்கே தெரியும். மத்திய அரசு நீதிமன்றம் போனது. சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி தண்டனையைக் குறைக்க மத்திய அரசின் இசைவு வேண்டும் என்று 2015இல் தீர்ப்பு வந்தது. மீதி இருந்தது 161 என்ற வழி. 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் கோப்பு ராஜ்பவனில் இருந்தது. பிறகு குடியரசுத் தலைவருக்குப் போனது. அதே பூசாரி கதை! 2022 மே 18 அன்று, முழு நீதி கிடைக்க எந்த உத்தரவும் போடலாம் என்று தனக்கு அதிகாரம் தரும் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது. அமைச்சரவை சொன்னால் ஆளுநர் கட்டுப்பட்டவர், தாமதத்தையும் நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்றது. நவம்பரில் மற்ற ஆறு பேரும் வெளியே வந்தார்கள். பத்தொன்பது வயதில் கைதான மகனுக்காகப் பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் முப்பது வருடத்துக்கு மேல் நடந்தார்.

விடுதலை சரியா என்று இந்த அரங்கிலேயே இரண்டு கருத்து இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்த காவலர்களின் குடும்பங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம், அது நியாயமானதே. ஆனால் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு பதிலை அவர்களும்தான் காலத்தில் பெறவில்லை.

அதனால்தான் ஊர் ஊராய்ப் போய்க் கேட்கிறேன்: கருணை மனுவோ பட்டா மனுவோ, எல்லா மனுவுக்கும் சட்டத்தில் கெடு வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010லேயே அரசு சேவைகளுக்குக் கெடு வைத்துச் சட்டம் போட்டது. தவறும் அதிகாரிக்கு அபராதமும் உண்டு. மாளிகைகளுக்கும் அப்படி ஒன்று இருந்தால் என்ன?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நிக்சன் அடுத்த கூட்டத்துக்கு வரட்டும். ஆள் எங்கேயும் ஓடப்போவதில்லை. வாசலில் கையெழுத்துத் தாள் இருக்கிறது, முகவரியைத் தெளிவாக எழுதுங்கள். இதுவும் மனுதான். எந்தப் பீரோவுக்குப் போகும் என்று தெரியாது, அதனால் மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.