தீப்பிடித்தால் டின் விழும்! மஞ்சள் கடுதாசி கொடுத்த டெட்ராய்ட்டின் கதை

[திரையில்: பழைய ஃபேக்ஸ் மெஷின், அதன் விளிம்பில் ஒரு கூல்டிரிங்ஸ் டின்]

இந்த டின்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கூல்டிரிங்ஸ் இல்லை. சில்லறைக் காசும் ஸ்க்ரூவும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஊரில் எங்காவது தீப்பிடித்தால் தீயணைப்பு நிலையத்துக்கு ஃபேக்ஸ் வரும். வெளியே வரும் காகிதம் டின்னைத் தள்ளிவிடும். டின் 'கலகல'வென்று கீழே விழும். அந்தச் சத்தம் கேட்டதும் வீரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

குக்கிராமம் இல்லைங்க. உலகத்துக்கே கார் செய்து கொடுத்த அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். அதுவும் 2014இல்! மெஷினில் காகிதம் தீர்ந்துபோனால்? இதை நினைத்தே எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனது.

வணக்கம் மக்களே. பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1950இல் 18.5 லட்சம் பேர் இருந்த ஊர். ஆலைகள் போயின, ஆட்களும் புறநகருக்குப் போனார்கள், மிச்சம் சுமார் 7 லட்சம். 2013 ஜூலை 18 அன்று ஏறக்குறைய 1,800 கோடி டாலர் கடனோடு மஞ்சள் கடுதாசி கொடுத்தது. சரி, பின்னணி போதும்.

[திரையில்: இருண்ட தெரு]

எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம்: தெருவிளக்கு. திவாலான சமயத்தில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. ஆள் குறைந்தாலும் ஊர் சுருங்கவில்லையே! நாலு வீடு மட்டும் மிஞ்சிய தெருவுக்கும் பழைய கம்பம், பழைய கம்பிதான். அந்தக் கம்பியையும் செம்புக்காகத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் கும்மிருட்டு. அப்புறம் யார் வரி கட்டுவார்? 2011இல் வரி கட்ட வேண்டிய மனைகளில் கிட்டத்தட்ட பாதி பாக்கி. வரி வராததால் விளக்கு இல்லை, விளக்கு இல்லாததால் வரி இல்லை.

என்ன செய்தார்கள்? விளக்குக்கென்றே தனி ஆணையம். மக்களின் மின்சார, எரிவாயு பில்லில் வசூலாகும் வரியிலிருந்து ஆண்டுக்கு 1.25 கோடி டாலரை அதற்கு ஒதுக்கி, அந்த வருமானத்தைக் காட்டிப் புதுக் கடன் வாங்கினார்கள். திவாலான ஊருக்குக் கடன்! மொத்தச் செலவு 18.5 கோடி டாலர். 2016 முடிவதற்குள் 65,000 எல்.இ.டி. விளக்குகள். முன்பு 88,000 இருந்தன. ஆள் இருக்கிற இடமாகப் பார்த்துக் குறைத்துக்கொண்டார்கள். செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி போட்டார்கள். அறுத்துக்கொண்டு போனாலும் பழைய இரும்புக் கடையில் பெரிதாகக் காசு பெயராது. திருடனின் கணக்கையும் சேர்த்துப் போட்ட திட்டம் என்றால் இதுதான்!

2014 டிசம்பரில் திவாலிலிருந்து வெளியே வந்தபோது சுமார் 700 கோடி டாலர் கடன் தள்ளுபடியாகியிருந்தது. பத்து ஆண்டுகளில் சேவைகளுக்கு ஏறக்குறைய 170 கோடி டாலர் செலவிடவும் திட்டம் போட்டார்கள். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் நகராட்சியில் உழைத்து ஓய்வுபெற்றவர்களின் பென்ஷனில் 4.5 சதவீதம் வெட்டு விழுந்தது. எனக்கு இது உறுத்துகிறது.

கடன் வாங்குபவர்களின் தகுதிக்கு மார்க் போடும் மூடிஸ் நிறுவனம், 2024இல் இந்த ஊரை மறுபடி 'முதலீட்டுக்கு ஏற்ற' தரத்துக்கு உயர்த்தியது. 1957க்குப் பிறகு முதன்முறையாக மக்கள்தொகையும் கொஞ்சம் ஏறியது. நடுவில் ஒரு கூத்து: புது விளக்குகளில் ஆயிரக்கணக்கானவை சீக்கிரமே மங்கிப்போய், 2019இல் ஆணையம் அவற்றைத் தயாரித்த கம்பெனிமேல் வழக்குப் போட்டது.

லைக், சப்ஸ்கிரைப் எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் தெருவில் எரியாத விளக்கின் கம்ப எண்ணை கமெண்டில் போடுங்கள். என் தெருவில் இரண்டு.