61 நாள் தடை இருந்தும் குஞ்சு மீன் ஏன் கரைக்கு வருது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்துல நாட்டுப்படகு வெச்சிருக்கிற ஒரு ஐயா கேட்டிருக்கார். அப்படியே வாசிக்கிறேன். "வருஷா வருஷம் 61 நாள் விசைப்படகை நிறுத்துறாங்க. ஜூன் 15 படகு இறங்குன ஒரு வாரத்துல ஏலக்கூடத்துல விரல் நீளக் குஞ்சா குவியுது. கரைக்குக் கிட்ட இழுத்து எங்க நண்டு வலையையும் அறுத்துட்டுப் போறாங்க. சட்டம் இருக்குங்கறீங்க, யார் பிடிக்கிறாங்க? நாங்க குடுக்கிற புகார் ஏன் நிக்க மாட்டேங்குது?"

ஐயா, நீங்க கேட்டதுல மூணு கேள்வி இருக்கு. முதல்ல தடைக்காலம். நம்ம கடல்ல ஓரளவு ஒழுங்கா நடக்குற ஒரே விதி அதுதான். 2001-ல 45 நாளா ஆரம்பிச்சு, 2017-ல 61 நாளாச்சு. கிழக்குக் கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; கன்னியாகுமரி மாவட்டத்தோட மேற்குப் பக்கம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது ஏன் நடக்குதுன்னா, கண்காணிக்கிறது சுலபம். படகு துறைமுகத்துல கட்டிக் கிடக்கும். எண்ணிப் பாத்தா போதும், ஒண்ணு குறைஞ்சா தெரிஞ்சிரும். நடுக்கடலுக்குப் போய் யாரையும் துரத்த வேண்டியதில்ல.

மிச்சம் 304 நாள்தான் பிரச்சனை. அந்த நாள்ல விதியெல்லாம் கடலுக்குள்ள இருக்கு, அதிகாரி கரையில இருக்கார். தமிழ்நாட்டுக் கடற்கரை 1,076 கிலோமீட்டர். இவ்வளவு நீளத்தை ரோந்துப் படகு வெச்சுக் காவல் காக்க யாராலயும் முடியாது. அதனால கரையில எதைப் பிடிக்க முடியுமோ அதைப் பிடிக்கணும்னுதான் நான் சொல்லுவேன். வலை, எஞ்சின், தடம் காட்டும் கருவி, ஏலக்கூடம். இந்த நாலையும் பாத்தா கடல்ல நடக்குறதுல பெரும்பகுதி தெரிஞ்சிரும்.

குஞ்சு மீன் வர்றதுக்கு நேரடிக் காரணம் வலைக்கண். இழுவலையில மீன் வந்து சேர்ற கடைசிப் பை இருக்கே, அதுல கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. முன்பக்கக் கண் எவ்வளவு பெருசா இருந்தாலும் பிரயோஜனமில்ல, அந்தப் பையிலதான் குஞ்சு தப்பிக்கிறதும் மாட்டுறதும் முடிவாகுது. எப்படி ஏமாத்துறாங்கன்னா, வெளியில 40 கண் பை தெரியும், உள்ளுக்குள்ள சின்னக் கண்ல இன்னொரு பை தைச்சிருப்பாங்க. இல்லைன்னா கிழியாம இருக்கப் போடுறோம்னு சொல்லி வெளியில ஒரு பொடிக்கண் உறை சுத்தியிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணுதான். அதனால ஆய்வுக்கு வர்றவர் தூரத்துல நின்னு பாக்கக் கூடாது. பைக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாக்கணும். அளக்கும்போது வலை நனைஞ்சிருக்கணும், கண்ணை நல்லா இழுத்துப் பிடிச்சு, ஒரு முடிச்சுக்கும் எதிர் முடிச்சுக்கும் நடுவுல உள்பக்கமா அளக்கணும். ஒரு கண்ணை மட்டும் அளந்தா தகராறு வரும். பையோட நீளவாக்குல வரிசையா இருபது கண் அளந்து சராசரி எழுதினா யாரும் மறுக்க முடியாது.

இதுல இன்னொண்ணு, அதிகம் பேசப்படாத விஷயம். சாதாரண டைமண்ட் வடிவக் கண் இழுவையில நீண்டு மூடிக்கும். காகிதத்துல 40, தண்ணிக்குள்ள கீத்து மாதிரி ஆயிடும். குஞ்சு எங்க வெளிய போகும்? சதுரக் கண்ணா மாட்டினா இழுத்தாலும் திறந்தே நிக்கும். சதுரக் கண் பைன்னு அழுத்திச் சொல்றது அதுக்குத்தான். பை மட்டும் மாத்தினாப் போதும், முழு வலையையும் மாத்த வேண்டியதில்ல.

சரி, படகுக்காரர் ஏன் சின்னக் கண் போடுறார்? சங்காயம். வலையில கலந்து வர்ற பொடி மீனைத்தான் அப்படிச் சொல்றோம், கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் வாங்குறாங்க. ஒரு தடவை தொழிலுக்குப் போயிட்டு வர எரியிற டீசலுக்குச் சங்காயக் காசாவது வரட்டும்னு நினைக்கிறாங்க. அந்தச் சங்காயத்தைக் கொட்டிக் கிளறிப் பாருங்க. வளர்ந்தா கிலோ நூத்துக்கணக்குல போற நகரை, சங்கரா, இறால், கணவாய்க் குஞ்சு எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். நெஞ்சு பதறுது. 61 நாள் குடும்பம் பட்டினியா இருந்து காப்பாத்துன குஞ்சை ஜூன் மூணாவது வாரத்துல கோழிக்குப் போடுறோம். தடையோட பலன் அங்கதான் கரைஞ்சு போகுது.

இதுக்குக் கேரளாவுல ஒரு வழி வெச்சிருக்காங்க. மீனோட குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கினாங்க. மத்தின்னா 10 சென்டிமீட்டர், அயிலைன்னா 14, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும். இதுல இருக்கிற வசதி என்னன்னா, எங்க பிடிச்ச, எந்த வலைன்னு கேக்கவே வேண்டாம். ஏலக்கூடத்துல ஒரு அளவுகோல் போதும். வாங்குற வியாபாரிக்கும் பயம் வரும். வாங்குறவன் பயந்தாத்தான் பிடிக்கிறவன் நிப்பான்.

அடுத்து, கரைக்குக் கிட்ட இழுக்கிறது. விசைப்படகு 5 கடல் மைலுக்கு வெளியதான் தொழில் செய்யணும். கிட்டத்தட்ட ஒன்பதே கால் கிலோமீட்டர். அதுக்குள்ள இருக்கிறது நாட்டுப்படகுக்கான இடம், குஞ்சு வளர்ற இடமும் அதுதான். பாக் நீரிணையில கடல்தாழைங்கற கடல்புல் வளர்ற ஆழமில்லாத தரையில, இழுவலையை விரிச்சுப் பிடிக்கிற பலகை ஒரு தடவை உழுதுட்டா அது மறுபடி முளைக்க வருஷக்கணக்காகும். அங்க திங்கள், புதன், சனி விசைப்படகு, மத்த நாள் நாட்டுப்படகுன்னு ஏற்பாடு வந்ததும் இடம் ஒடுங்கலா இருக்கிறதாலதான்.

படகு 5 மைலுக்குள்ள இருந்தாலே குத்தமில்ல, துறைமுகத்துக்குப் போகவர அந்த வழியாத்தான் வந்தாகணும். இழுத்தாங்கறதைக் காட்டணும். புகார் நிக்காம போறதுக்கு முதல் காரணம் இதுதான். தடம் காட்டும் கருவியில வேகத்தைப் பாத்தாலே இது தெரியும். சும்மா ஓடுற படகு 7, 8 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்துல நேர்கோட்டுல போகும். வலை இழுக்கிற படகு 2.5 முதல் 3.5 நாட்டுல மணிக்கணக்கா ஊர்ந்து, திரும்பித் திரும்பி வரும். ரெண்டு படகு பக்கத்துல பக்கத்துல, ஒரே வேகத்துல, இடைவெளி மாறாம போச்சுன்னா அது ரெண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கிற, தடை செஞ்ச இரட்டை மடி. கருவியை அணைச்சு வெச்சா? அந்த இடைவெளியே கேள்வி கேக்கக் காரணம். துறைமுகத்துலருந்து கிளம்புனதும் அணைஞ்சு, திரும்புறப்ப உயிர் வர்ற கருவி தினமும் ஒரே மாதிரி பழுதாகாது.

மீன் கூட்டத்தைச் சுத்தி வளைச்சு, அடியைச் சுருக்கி அள்ளுற சுருக்குமடி வலையைப் பத்தியும் குழப்பம் இருக்கு. தமிழ்நாடு அதை 2000-லயே தடை பண்ணிருச்சு. ஆனா மாநிலத்தோட அதிகாரம் 12 கடல் மைல் வரைக்கும்தான். அதுக்கு வெளியங்கற வாதத்துல 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. 12 மைலுக்கு அப்பால, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள்ள, தடம் காட்டும் கருவியோட. அப்போ புதன்கிழமை ஒரு படகு சுருக்குமடியை ஏத்திக்கிட்டு முகத்துவாரத்தைத் தாண்டுதுன்னா, எத்தனை மைல்னு அளக்க அவசியமே இல்ல. கரையிலயே நிறுத்திரலாம்.

எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன்தான் உச்சம். பதிவுப் புத்தகத்துல குறைவா இருக்கும், உள்ள அதிவேக எஞ்சின் உக்காந்திருக்கும். வெளியில ஒட்டுன தகட்டை நம்பக் கூடாது, எஞ்சின் உடம்புல அச்சடிச்ச வரிசை எண்ணை வாங்குன பில்லோட ஒத்துப் பாக்கணும். தடைக்காலத்துல ஒரே நாள்ல எல்லாப் படகையும் மீன்வளத்துறை நேர்ல ஆய்வு செய்யுது, வராத படகுக்கு மானிய டீசல் நிக்கும். நல்ல வாய்ப்பு அது. ஆனா வலையை வீட்டுலயே வெச்சுட்டு வெறும் படகைக் காட்டுறாங்க. என் அபிப்பிராயம், படகோட அது போடுற எல்லா வலையோட பையும் மேடைக்கு வரணும், அளந்து முத்திரைச் சீட்டு கட்டணும், அப்புறம்தான் டீசல் அட்டையில கையெழுத்து.

இப்போ உங்க புகார். படகோட பதிவு எண் முழுசா வேணும், ஐஎன்டி டிஎன், அப்புறம் மாவட்ட எண், எம்எம்னு ஆரம்பிச்சா விசைப்படகு, கடைசி எண் வரைக்கும். "நீலப் படகு"ன்னு எழுதினா யாரைக் கூப்பிடுவாங்க? செல்போன் ஜிபிஎஸ் சிக்னல் இல்லாமயும் வேலை செய்யும். பாத்த இடத்தோட அட்சம், தீர்க்கம், மணி, அந்தப் படகு எந்தத் திசையில எவ்வளவு தூரத்துல போகுதுன்னு குறிங்க. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி குறிங்க. அது இழுக்கிற வேகத்துலதான் போகுதுன்னு இந்த ரெண்டு குறிப்பே காட்டிரும், ஏன்னா 3 நாட்டுல பத்து நிமிஷத்துக்கு அரை மைல்தான் நகரும். இழுவைக் கயிறு பின்னால தண்ணிக்குள்ள இறங்கியிருக்கிறது தெரியுற மாதிரி ஒரு வீடியோ. அறுந்த நண்டு வலையைச் சரி பண்றதுக்கு முன்னாடி அப்படியே கொண்டு வந்து காட்டுங்க.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. படகை மறிச்சு, ஆளைப் பிடிச்சுக் கரைக்கு இழுத்துட்டு வராதீங்க. கோபம் புரியுது. ஆனா அந்த நிமிஷத்துலருந்து அது சட்டம் ஒழுங்கு வழக்கா மாறிரும், 5 மைல் கதையை யாரும் கேக்க மாட்டாங்க, உங்க பையன்தான் நிலையத்துல நிப்பான்.

புகாரை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துல எழுத்துல குடுங்க, நகல் கடல் அமலாக்கப் பிரிவுக்கு. அந்தத் தேதியில அந்தப் படகோட தடப் பதிவைப் பாக்கணும்னு புகார்லயே ஒரு வரி எழுதுங்க, அதுதான் முக்கியம். தேதி முத்திரையோட ஒப்புகை வாங்காம வெளிய வராதீங்க. நடவடிக்கை தெரியலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட, "இந்த ஒப்புகை எண் புகார் மேல எந்தத் தேதியில யார் என்ன செஞ்சாங்க"ன்னு கேளுங்க. 30 நாளைக்குள்ள பதில் சொல்லியாகணும்.