விறகுக்குப் போக இருந்த கதிரை

[காட்சி: மாங்குளத்தில் ஒரு வீட்டு விறாந்தை. முதிரை மரக் கதிரை. கால் நான்கும் உறுதி, நடுவில் பிரம்பு கிழிந்து தொங்குகிறது.]

"இதை விறகுக்குக் கொத்தட்டோ?" என்று வீட்டுக்கார ஐயா கேட்டார். "வேண்டாம் ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். காரணம் இருக்கிறது.

1950களில் சண்டிகர் நகரத்தைப் புதிதாகக் கட்டினார்கள். அங்கே அலுவலகங்களுக்கும் நூலகங்களுக்கும் வேண்டிய கதிரைகளைத் தேக்கிலும் பிரம்பிலும் செய்வித்தவர் பியேர் ஜானரே என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர். கவராயத்தை விரித்து வைத்ததுபோலக் கால்கள். சில பத்தாண்டுகளில் அவை பழுதாகி மூலையில் குவிந்தன; பழைய சாமானாக அடிமாட்டு விலைக்குப் போயின. இன்று அதே கதிரைகள் வெளிநாட்டு ஏலங்களில் ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கின்றன.

டென்மார்க்கிலும் இதே காலம்தான். ஹான்ஸ் வெக்னர் என்ற தளபாட வடிவமைப்பாளர் 1949இல் வரைந்த 'விஷ்போன்' கதிரையை 1950இலிருந்து இன்றுவரை செய்கிறார்கள். ஒரு இருக்கைக்குச் சுமார் 120 மீற்றர் காகிதக் கயிறு, முழுக்கக் கைப்பின்னல்.

இந்தக் கதிரைகளில் எனக்குப் பிடித்தது, சட்டம் வேறு இருக்கை வேறு என்பதுதான். பின்னல் போனால் பின்னலை மட்டும் மாற்றலாம். பிளாஸ்டிக் கதிரையில் கால் முறிந்தால் முழுக் கதிரையும் போச்சு. 2009க்குப் பிறகு வெறுங்கையோடு ஊர் திரும்பிய சனத்துக்கு அந்தப் பிளாஸ்டிக் கதிரைதான் கைகொடுத்தது, அதை நான் குறை சொல்லமாட்டேன்.

[காட்சி: ஓடாவியின் கைகள், மிக அருகில்.]

சட்டத்தைச் சுற்றிச் சின்னத் துளைகளைப் பாருங்கள். ஊறவைத்த பிரம்பை முன்னிருந்து பின்னாக ஒரு ஓட்டம், குறுக்காக ஒரு ஓட்டம், மறுபடி இரண்டும், கடைசியில் மூலைக்கு மூலை இரண்டு. மொத்தம் ஆறு. மூலை ஓட்டம் விழுந்ததும் சதுரக் கண்கள் எண்கோணமாகின்றன. ஈரத்தில் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும், காய்ந்தால் இறுகிவிடும்.

சரி, உங்கள் வீட்டுக் கதிரை கிழியாமல் தொய்ந்து மட்டும் இருக்கிறதா? கவிழ்த்துவைத்து, வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கம் போட்டு ஊறவிடுங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டு ஒரு இரவு காயவிடுங்கள், ஆரும் இருக்கக்கூடாது. கிழிந்திருந்தால் ஓடாவியிடம் கொண்டுபோங்கள். முதலில் பொருத்துகள் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பின்னல் அதற்குப் பிறகுதான்.

[காட்சி: ஐயா ஒரு பேசின் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து விறாந்தையில் வைக்கிறார். பிரம்புச் சுருள் அதில் மெல்ல விரிகிறது.]