ஆரல் மீனைப் பார்த்துக்கிட்டிருந்த குருகு

வணக்கம் நேயர்களே. நம்பிக்கை உடைஞ்சு போறதைப் பத்தி நம்ம பழைய பாட்டும் சிறுகதையும் எப்படிப் பேசுதுன்னு சொல்லச் சொல்லிக் கூப்பிட்டாங்க, எனக்கு உடனே ஞாபகம் வந்தது கபிலரோட குறுந்தொகை 25ஆம் பாட்டுதான். மொத்தம் அஞ்சே வரி.

"யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே."

ரகசியமா வந்து சேர்ந்தவன் திரும்பி வரல, அவனை நம்பின பொண்ணு சொல்றா, அன்னிக்கு அங்க யாருமே இல்ல, அந்தத் திருடன் மட்டும்தான் இருந்தான், அவனே இல்லைன்னு சாதிச்சா நான் என்ன பண்ணுவேன்னு. அப்புறம் ஒரு பறவை இருந்துச்சாம். அதோட கால் தினைத்தாள் மாதிரி சின்னதா, பச்சையா இருந்துச்சாம், ஓடுற தண்ணில ஆரல் மீன் வருதான்னு பார்த்துக்கிட்டு நின்னுச்சாம்.

பரீட்சையில இதுக்கு மெய்ப்பாடு, அதாவது பாட்டுல வெளிப்படுற உணர்ச்சி, என்னன்னு கேட்டா அழுகைன்னு எழுதி மார்க் வாங்கிடலாம், தப்பில்ல. ஆனா பாட்டுல ஒரு சொட்டுக் கண்ணீர் கூட இல்லையே! சாட்சிக்கு யாராவது கிடைப்பாங்களான்னு அவ அந்த நாளை மனசுக்குள்ள எத்தனை தடவை புரட்டிப் பார்த்திருந்தா பறவையோட கால் நிறம் வரைக்கும் ஞாபகம் வரும்னு யோசிச்சுப் பாருங்க. கிடைச்ச ஒரே சாட்சிக்கு வாய் கிடையாது, கண்ணும் மீன் மேல இருந்துச்சு. அவ மனசு உடைஞ்சது எனக்கு அந்தக் கால்லதான் தெரியுது, "யானெவன் செய்கோ"ங்கிற இடத்துல கூட அவ்வளவு தெரியல.

புறநானூறு 112ல பாரி மகளிரும் அப்படித்தான், அப்பா செத்துப் பறம்பு மலையும் பறிபோனதை அன்னிக்கு அந்த நிலா, இன்னிக்கு இந்த நிலான்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுச் சொல்லிட்டு நிறுத்திடுறாங்க.

இப்ப புதுமைப்பித்தனுக்கு வர்றேன். 1943ல கலைமகள் பத்திரிகையில வந்த அவரோட 'சாப விமோசனம்' சிறுகதை. இந்திரன் கோதமன் வேஷத்துல வந்து ஏமாத்தினதால, புருஷன் கோதமன் சாபத்துல கல்லாப் போனவ அகலிகை. ராமன் கால் தூசி பட்டு அவ கல்லுல இருந்து எழுந்துட்டா, சாபம் தீர்ந்துச்சு, ஆனா ஊரார் பார்வைக்கு அவ கூசிக் கூசித்தான் வாழறா. அவளுக்குப் பிடிமானமா இருக்கிறது ராமன் ஒருத்தன்தான், ஏன்னா அவளைக் குத்தம் பார்க்காம மதிச்சவன் அவன். வனவாசம் முடிஞ்சு ராமனும் சீதையும் பார்க்க வர்றாங்க, ஆம்பளைங்க வெளிய போக, உள்ள ரெண்டு பொம்பளைங்களும் பேசிக்கிட்டிருக்கும்போது சீதை தன்னை நிரூபிக்கத் தீக்குள்ள இறங்கின அக்கினிப் பிரவேசத்தைச் சொல்றா. அவன், அந்த ராமன், கேட்டானான்னு அகலிகை அலறுறா. உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமான்னு சொல்லிச் சீதை சிரிக்கிறா!

தீக்குள்ள இறங்கினவ சிரிக்கிறா, கேட்டுக்கிட்டிருந்தவ உடைஞ்சு போறா. எனக்குத் தெரிஞ்சு இந்தக் கதையோட உயிரே இங்கதான் இருக்கு. சீதை சிரிப்பை நகைங்கிற மெய்ப்பாடுன்னு சொல்வீங்களா, அழுகைன்னு சொல்வீங்களா? அவ தன் வலியைத் தானே சொல்லியிருந்தா நாம ஐயோ பாவம்னு சொல்லிட்டுப் போயிருப்போம், ஆசிரியர் அதுக்கு இடமே கொடுக்காம அந்த அடியை அகலிகை மேல விழ வச்சிருக்கார். குறுந்தொகைப் பொண்ணு சாட்சி இல்லையேன்னு தவிச்சா, இங்க நெருப்பே சாட்சி சொல்லியும் ஆறுதல் இல்ல, ஏன்னா சாட்சி கேட்டதே தாங்க முடியாத விஷயமாப் போச்சு.

அதுக்கப்புறம் வர்ற இடத்தை நிறையப் பேர் வேகமா படிச்சுட்டுப் போயிடுறாங்க. கோதமன் அவகிட்ட ஆசையோட வர்றான், நிஜமான கோதமன். அவளுக்கோ அது இந்திரன் போட்ட வேஷமாத் தெரியுது, மறுபடியும் கல்லாயிடுறா. ராமன் கேட்டதுக்கு ராமன் மேல கோபம் வந்திருந்தா சரி, ஆனா நம்பிக்கை ஒரு இடத்துல உடைஞ்சதும் நல்லவன் முகத்தையும் அவளால நம்ப முடியல. இத்தனைக்கும் சாபம் கொடுத்ததுக்காக உள்ளுக்குள்ளயே புழுங்கி, அவ மேல அன்பா இருந்தவன் அந்தக் கோதமன். அவன் அன்னிக்கு ஒரு தப்பும் பண்ணல, கதையில எனக்கு ரொம்பக் கொடுமையாப் படுறது இதுதான்.

நன்றி, வணக்கம்.