கேரி மேடக்ஸ் காத்த மைதானம்

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ்பால் என்றதும் பலருக்கு, பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிக்கும் ஹோம் ரன்தான் ஞாபகத்துக்கு வரும். நான் இன்று பந்தைப் பிடித்த ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் கேரி மேடக்ஸ். 1975 முதல் 1982 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள், சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு க்ளவ் விருதை வாங்கியவர். பூமியில் மூன்றில் இரண்டு பங்கைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது, மீதியை மேடக்ஸ் பார்த்துக்கொள்கிறார் என்று அமெரிக்க ரசிகர்களிடையே ஒரு பேச்சே உண்டு.

1949-இல் சின்சினாட்டியில் பிறந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி 1968-இல் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இடையில் ராணுவத்தில் சேர்ந்து வியட்நாம் போனார். அங்கே ரசாயனங்கள் பட்டதால் தோல் பாதிக்கப்பட்டு, சவரம் செய்ய முடியாமல் தாடி வளர்த்தார். பிற்காலத்தில் அவரது அடையாளமாகவே ஆன தாடி அது. 1972-இல் ஜயன்ட்ஸ் அணிக்கு ஆட வந்தார். அடுத்த மாதமே அந்த அணியின் ஜாம்பவான் வில்லி மேஸ் நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் போய்விட்டார். மேஸ் நின்ற சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் பின்பக்க நடுப்பகுதியில், இருபத்திரண்டு வயதுப் பையன் நிற்பதென்றால் சாதாரண விஷயமா?

1975 மே மாதம் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணி அவரை வாங்கியது. அங்கே இடப்பக்கம் நின்றவர் கிரெக் லுசின்ஸ்கி. மட்டையைப் பிடித்தால் பயங்கரமானவர். ஓட்டம் மட்டும் மெதுவானது. அதனால் அவர் பக்கத்திலும் ஒரு பங்கை மேடக்ஸ்தான் காக்க வேண்டியிருந்தது. தரையோ செயற்கைப் புல். ஒரு பந்தை விட்டுவிட்டால் அது சுவர் வரைக்கும் உருண்டுவிடும். அடித்தவர் இரண்டு, மூன்று பேஸ் (ஓடுகிறவர் தொட வேண்டிய இடங்கள்) ஓடிவிடுவார்.

இதில் கவனிக்க வேண்டியது முதல் அடி. கிரிக்கெட்டில் பவுண்டரி அருகே நிற்பவருக்கும் இது தெரியும்: மட்டையில் பட்ட சத்தத்திலேயே கால் சரியான திசையில் கிளம்பிவிட வேண்டும். மேடக்ஸ் நீளமான கால்களோடு அப்படிக் கிளம்பிவிடுவார். பாய்ந்து விழுந்து பிடிக்க வேண்டிய பந்தை நின்றபடி வாங்கிவிடுவார். பார்க்கிறவனுக்கு அது எளிதான பந்தாகவே தோன்றும். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அழகு அதுதான். ஆனால் அன்றைய கணக்குப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. மட்டையிலும் அவர் சோடை போனவரல்ல, 1976-இல் .330 சராசரியோடு, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 330 வெற்றி அடி என்ற கணக்கில், லீகில் மூன்றாம் இடம். இருந்தும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மன்றத்தில் அவர் இல்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

சரி, 1978-க்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸில் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிரான லீக் தொடர், நான்காவது ஆட்டம். தொடரை வெல்கிற அணிதான் இறுதியான உலகத் தொடருக்குப் போகும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பத்தாவது இன்னிங்ஸ், 3-3, இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆள் அவுட்டானால் டாட்ஜர்ஸின் முறை முடிந்துவிடும். டஸ்டி பேக்கர் அடித்த பந்து நேராக மேடக்ஸிடம் வந்தது. கையுறையில் பட்டது, நழுவி விழுந்தது. அடுத்து பில் ரஸ்ஸல் அடித்த பந்தும் சென்டர் ஃபீல்டுக்கே வர, ஏற்கெனவே பேஸில் நின்ற ரான் சே ஓடி வந்து வெற்றி ஓட்டத்தை எடுத்துவிட்டார். ஃபில்லீஸின் அந்த ஆண்டு அதோடு முடிந்தது. மேடக்ஸ் ஒளியவில்லை. சூரியனையோ விளக்கையோ குறை சொல்லாமல், பிடித்திருக்க வேண்டிய பந்து என்று நிருபர்களிடமே ஒப்புக்கொண்டார். ஆயிரக்கணக்கான பந்துகளைப் பிடித்தவரைப் பற்றிப் பேசும்போது இந்த ஒன்றை முதலில் எடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது நியாயமே இல்லை.

இரண்டு வருடம் கழித்து, 1980 அக்டோபர் 12. ஹூஸ்டன் அணிக்கு எதிரான லீக் தொடர், அவர்களது ஆஸ்ட்ரோடோம் அரங்கில் ஐந்தாவது, கடைசி ஆட்டம். மறுபடியும் பத்தாவது இன்னிங்ஸ். மேடக்ஸ் அடித்த டபுளில் (அடித்தவர் இரண்டு பேஸ் ஓடும் அடி) டெல் அன்சர் ஓடி வந்து சேர, ஃபில்லீஸ் 8-7 என்று முந்தியது. அப்புறம் ஹூஸ்டனின் முறை. இரண்டு பேர் அவுட்டான நிலையில் ஈனோஸ் கேபல் தூக்கி அடித்த பந்து சென்டர் ஃபீல்டை நோக்கி வந்தது. மேடக்ஸ் பிடித்தார். தோழர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே மாதம் கன்சாஸ் சிட்டி ராயல்ஸை வென்று, 1883-இல் தொடங்கிய அந்த அணி முதல் தடவையாக உலகத் தொடரைக் கைப்பற்றியது.

1986-இல் அவர் ஓய்வு பெற்றார். ஆட்டத்தோடு சமூகப் பணியையும் பார்த்துத் தரப்படும் ரொபெர்ட்டோ க்ளெமென்ட்டே விருது அதே ஆண்டு அவருக்குக் கிடைத்தது.