நிசேயாவில் முடியாத வழக்கு

நண்பர்களே, கிறிஸ்து கடவுள்தானா என்ற கேள்வியை 325-இல் நிசேயா நகரில் (இன்றைய துருக்கியில்) ஆயர்கள், அதாவது பிஷப்புகள், சங்கமாகக் கூடித் தீர்த்துவிட்டார்கள் என்று பலரும் நினைக்கிறோம். அந்தச் சங்கத்திற்குப் பிறகுதான் சண்டை சூடு பிடித்தது என்பேன்.

முதலில், இந்தச் சண்டைக்குக் காரணமான ஆரியுஸுக்கு நியாயம் செய்துவிடுவோம். அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த அவர், இயேசுவை வெறும் மனிதர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. உலகமே சுதன் வழியாகத்தான், அதாவது பிதாவாகிய கடவுளின் மகனான கிறிஸ்து வழியாகத்தான் உண்டானது என்றார். ஆனால் அந்தச் சுதனையும் பிதாவே படைத்தார், சுதன் இல்லாத நிலை ஒன்று இருந்தது என்றார். 'என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்' என்று யோவான் நற்செய்தியில் இயேசுவே சொல்கிறாரே! கடவுள் ஒருவரே என்பதைக் காப்பாற்றத்தான் ஆரியுஸ் இப்படிப் பேசினார். தம் கருத்தைப் பாட்டாகவும் கட்டினார். கப்பல்காரர்களுக்கும் மாவு அரைப்பவர்களுக்கும்கூடப் பாட்டு எழுதிக் கொடுத்தாராம். கெட்டிக்காரர்தான்.

எதிர்த்தரப்பின் கேள்வியும் லேசானதல்ல. சுதன் படைக்கப்பட்டவர் என்றால் நாம் யாரைத் தொழுகிறோம்? படைப்பைத் தொழுவது விக்கிரக ஆராதனை ஆகாதா? தானே படைப்பாக இருப்பவர் நம்மைக் கடவுளோடு எப்படிச் சேர்ப்பார்? பின்னாளில் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் வாழ்நாள் முழுக்க விடாமல் கேட்டது இதைத்தான். எனக்கு இந்த வாதம்தான் வலுவாகப் படுகிறது.

சரி, பேரரசர் கான்ஸ்டன்டைன் சங்கத்தைக் கூட்டினார். சுதன் 'பிதாவோடு ஒரே பொருளானவர்', அதாவது பிதாவைப் போலவே முழுக் கடவுள் என்று முடிவானது. ஆரியுஸும் இரண்டு லிபிய ஆயர்களும் நாடு கடத்தப்பட்டார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. சில ஆண்டுகளில் ஆரியுஸைத் திரும்ப வர அனுமதித்தது அதே பேரரசர். 337-இல் சாகும் தறுவாயில் அந்தப் பேரரசருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஆயர், ஆரியுஸின் நண்பரான நிக்கோமேதியா யூசேபியுஸ்! ஜெயித்த கட்சியின் அத்தனாசியுஸோ ஐந்து முறை நாடுகடத்தப்பட்டு, சுமார் 17 ஆண்டுகளைத் தம் ஊருக்கு வெளியே கழித்தார். 359-இல் இத்தாலியின் ரிமினியில் கூடிய நூற்றுக்கணக்கான ஆயர்கள், அப்போதைய பேரரசரின் நெருக்கடியில், 'பொருள்' என்ற சொல்லே இல்லாத வேறொரு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

381-இல் பேரரசர் தியோடோசியுஸ் ஆட்சியில் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் நிசேயாவின் பக்கம் நின்றது. பேரரசுக்குள் காற்று அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் ஆயர் உல்ஃபிலாஸ் வழியாக ஆரியுஸ் தரப்பின் கிறிஸ்தவத்தை ஏற்றிருந்த காத் என்ற ஜெர்மானிய இனத்தாரை அது கட்டுப்படுத்தவில்லை. அவர்களில் ஒரு பிரிவினரான, ஸ்பெயினை ஆண்ட விசிகாத்துகள் நிசேயாவின் விசுவாசத்தை முறைப்படி ஏற்றது 589-இல், டொலேடோ சங்கத்தில்தான்.