ஒரே மேடு, மூன்று கண்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். நிலத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது இயற்கையா, மக்களின் பண்பாடும் வரலாறுமா என்று கேட்கிறது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர், "மழை, மண், உயரம் இவைதாம் மதிப்பு. பார்வை வரும் போகும், மலை அப்படியே நிற்கும்" என்றார். ஐயா, நீலகிரியில் மலை அப்படியே நிற்கவில்லை.

அங்கே 2,000 மீட்டருக்கு மேலே மடிப்புகளில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. திறந்த மேட்டில் இறங்கும் உறைபனி சோலை மரத்தின் நாற்றைக் கருக்கிவிடும், புல் பிழைத்துக்கொள்ளும். அந்தப் புல்மேடு தோடர் பழங்குடியினருக்கு எருமையின் மேய்ச்சல். மலைமுடிகள் அவர்களின் தெய்வங்கள் இருக்கும் இடம். எருமைப் பால் கடையும் கோயிலான பால்கோயிலின் கூரைக்கு எந்தப் புல்லும் ஆகாது, சதுப்போரம் வளரும் குறிப்பிட்ட ஒரு புல்தான் வேண்டும். புல்லை இனம் பிரித்து அறிந்த மக்கள் அவர்கள்.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து வந்த ஆங்கிலேயர்களில் ஒரு சாரார் அந்த மேடுகளில் தங்கள் ஊர்ப் புல்மேடுகளைக் கண்டார்கள். குதிரையேறி, நாய்களோடு குள்ளநரி வேட்டையாடினார்கள். ஆளுநர் ஒருவரின் பெயரில் வென்லாக் டவுன்ஸ், அதாவது வென்லாக் புல்மேடு, என்று இன்றும் ஓர் இடம் இருக்கிறது. இன்னொரு சாராருக்கு அதே மேடு மரமில்லாத வெறும் தரிசு. விறகுத் தேவையும் சேர்ந்துகொள்ள, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்தன. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டை, ரேயானுக்கு மரக்கூழ் என்று நடவு இன்னும் பெருகியது. மழையும் மண்ணும் உயரமும் மூவருக்கும் ஒன்றுதானே? மதிப்பு மட்டும் ஏன் மூன்றானது?

"தண்ணீரின் மதிப்பு யார் பார்த்தாலும் மாறாது" என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். நீலகிரியின் கிளென்மார்கனில் ஒரு நீர்ப்பிடிப்பின் 59 விழுக்காட்டுப் பரப்பில் கற்பூர மரம் நட்டு, பக்கத்துப் புல்வெளி நீர்ப்பிடிப்போடு ஒப்பிட்டு அளந்தார்கள். நட்டதிலிருந்து வெட்டும் வரையான முதல் சுற்றில் ஓடைக்கு வந்த நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது, இரண்டாம் சுற்றில் சுமார் 25. நீரை இயற்கைதான் தந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கேட்டில் விறகையும் மரக்கூழையும் எழுதி, ஓடையை எழுதாமல் விட்டது யார்? மேட்டைத் தரிசு என்று பழகிப்போன கண்தான்.

புல்வெளியெல்லாம் காடழிந்து வந்ததே என்று பலரும் நம்புகிறார்கள். நீலகிரிச் சதுப்புகளில் தாவரங்கள் மட்கிச் சேர்ந்த கரிமண்ணை ஆராய்ந்து சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டியது. இருந்தும் ஊட்டிக்கு வருகிறவர்கள் எங்கே இறங்கிப் படம் எடுக்கிறார்கள்? நட்டு வளர்த்த பைன் காட்டில். மரம் என்றால் இயற்கை, புல் என்றால் வெற்றிடம் என்று நமக்குப் பள்ளியிலிருந்தே பழக்கிவிட்டார்கள்.

புல்வெளியை மீட்கும் வேலைக்கு வருகிறேன். வளர்ந்த சீகையை மொத்தமாக வெட்டினால் வெயில் தரையில் விழும், மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும் விதைகள் ஒரே மழையில் கம்பளமாக முளைக்கும். தீ வைத்தால் விதையின் கெட்டித் தோல் வெடித்து இன்னும் அதிகம் முளைக்கும். அதனால் புல் மிச்சமிருக்கும் ஓரத்தில் தொடங்கி, மண் இளகிய மழைக்காலத்தில் சீகை நாற்றுகளை வேரோடு பிடுங்கவேண்டும். வெறுமையான இடத்தில் உள்ளூர்ப் புல்லின் தூரைப் பிரித்து நடவேண்டும். பிறகு ஆண்டுதோறும் திரும்பி வந்து பிடுங்கவேண்டும். இரண்டாம் ஆண்டில் ஆள் வராவிட்டால் முதல் ஆண்டு உழைப்பு வீண்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை நாற்றுகள் முளைத்து நிற்கின்றன. அங்கே சீகையை அகற்றிப் புல்லை மீட்பதா, விட்டுவைத்துச் சோலையாக வளர விடுவதா? எருமைக்கும் வரையாட்டுக்கும் குறிஞ்சிக்கும் திறந்த மேடு வேண்டும் என்பவர் ஒன்று சொல்வார், நிழற்காடு வேண்டும் என்பவர் வேறொன்று சொல்வார். எதிரணியினரே, மழையளவையும் மண்வகையையும் உயரத்தையும் மட்டும் வைத்து இதற்கு விடை சொல்லுங்கள், என் கட்சியை நான் விட்டுத்தருகிறேன். நன்றி, வணக்கம்.